குரோமியப் பூச்சில் துரு: நீக்கும் முறையும் ஓர் எச்சரிக்கையும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்கள் மழை குறைந்த கரிசற்பூமியாகும். தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றியமைக்கு இவ்வறண்ட காற்றும் ஒரு காரணம். ஆயினும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் சைக்கிளின் ஹேண்டில் பாரிலும் ரிம்மிலும் செம்புள்ளிகள் தோன்றுவதை நாம் காண்கிறோம். அவற்றை உடனே கவனியாவிடில் நாளடைவில் பூச்சே உரிந்துபோகும்.

குரோமியம் இவ்வாறு துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிப்பது அதன் அடியிலுள்ள எஃகே. எஃகின்மேல் நிக்கலும், அதன்மேல் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய குரோமியமும் பூசப்படுகின்றன. அதிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரம் இறங்க, துரு மேலே கசிந்து படிகிறது. வியர்வையிலுள்ள உப்பும், கையில் ஒட்டிய வெடியுப்பும் இதனை விரைவுபடுத்தும்.

முதலில் சோப்பு நீரால் கழுவி மண்ணைப் போக்க வேண்டும். பின்னர், உணவுப் பொட்டலங்களில் வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, மெல்லத் தேய்த்தல் வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆதலின் கீறல் விழாது. எழும் கறுப்புக் குழம்பை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, எண்ணெயைச் சிறிதளவு தடவலாம். ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்தில் மட்டும் எண்ணெய் படலாகாது. பட்டால் பிரேக் வழுக்கும். மணலும் உப்புத்தாளும் பூச்சைக் கெடுக்கும். பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்துப் பயனில்லை. துருவை நீக்கி வர்ணம் பூசுவதே காப்பு.

நம் வட்டாரத்தார் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. தாள் உதவுவது கண்டு, தொழிற்சாலையிலுள்ள அலுமினியத் தூளும் உதவுமென எண்ணலாகாது. வாணங்களில் வெண்ணிற ஒளி தருவது அத்தூளே. குவிந்த தூளில் ஈரம் பட்டால் அது சூடேறி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடும். உலர்ந்த தூள் துருவுடன் கலந்து பற்றிக்கொண்டால் இரும்பையே உருக்கும் வெப்பம் எழும். தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மிட் முறை இதுவே. துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் வேகமாக மோதினாலும் பொறி பறக்கக்கூடும். மருந்து கலக்கும் அறைகளில் இரும்புக் கருவிகள் விலக்கப்பட்டிருப்பதும் பொறிக்கு அஞ்சியே.

நனைத்த தாளைக் கொண்டு வீட்டில் மெல்லத் தேய்ப்பதில் இவ்வச்சமில்லை. எனினும், வேலை முடிந்து, கைகால் கழுவி, ஆடை மாற்றிய பின்னரே இதனைச் செய்வோம். தொழிற்சாலை வளாகத்தில் சைக்கிள் துடைக்கும் வழக்கத்தை அறவே தவிர்ப்போம்.