ஆளைப் பாராமல் முத்திரை குத்துவதேன்?



பூண்டுலோயாவிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளிடம், "சொந்த ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால், சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தயங்கி, "நுவரெலியாப் பக்கம்" என்று நிறுத்திக்கொள்கின்றனர். பிறந்த இடத்தைச் சொல்ல ஏன் கூச வேண்டும்? பெயரைக் கேட்டதும் எதிரிலிருப்பவர் மனத்தில் ஒரு முத்திரை விழும் என்பதை அவர்கள் அறிவார்கள். "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்பவை அத்தகைய முத்திரைகளே.

இப்படி முத்திரை குத்துவது தவறென்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் விட முடிவதில்லை. ஏன் என்று சிந்திப்போம்.

பழைய அச்சகங்களில் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, பின்பு பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்துக்கொள்வார்கள். அதன்பின் கோக்கும் வேலை இல்லை. அதே பக்கத்தை ஆயிரம் முறை அச்சிடலாம். ஆனால் ஓர் எழுத்தைத் திருத்துவதும் கடினம். மனிதரைப் பற்றி நம் மனத்தில் உறைந்துபோன எண்ணங்களுக்கு இத்தகட்டின் பெயரையே 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் சூட்டினார்.

முதற் காரணம், மனம் வேகத்தை விரும்புவது. கொழுந்து எடுக்கும் தாய் ஒவ்வோர் இலையையும் நின்று ஆராய்வதில்லை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் கண்ணில் பட்டதும் கை தானாகப் பறித்துவிடும். அப்படிப் பழகாவிட்டால் கூடை நிறையாது. மனமும் நாள்தோறும் எதிர்ப்படும் எண்ணற்ற மனிதரை இவ்வாறே இனம் பிரிக்கிறது. கொழுந்துக்கு இது பொருந்தும்; மனிதருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, "நாம்", "அவர்கள்" என்று பிரிவதற்கு நமக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் அறிஞர் போலந்து நாட்டு யூதர். நாசிகளின் கொடுமையில் குடும்பத்தாரை இழந்தவர். அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயது மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளை 1970இல் வெளியிட்டார். எந்த ஓவியரை விரும்புகிறார்கள் என்பது போன்ற அற்பக் காரணங்களைச் சொல்லி அவர்களை இரு குழுவாக்கினார். தம் குழுவில் இன்னார் இருக்கிறார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இருந்தும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினர் பக்கமே சாய்ந்தார்கள். அற்பக் காரணமே இப்படிப் பிரிக்குமாயின், மொழியும் இனமும் சாதியும் எவ்வளவு பிரிக்கும்!

மூன்றாவது காரணமே மிக வலியது. முத்திரைக்கு எதிரான சான்று நம்முன் வந்து நின்றாலும், அதை விதிவிலக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவல்களும் படைத்தார். நம் மக்களின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். இத்தகைய ஒருவரைக் கண்டால் "தோட்டத்து மக்களைத் தவறாக எண்ணிவிட்டோம்" என்று உலகம் சொல்வதில்லை. "இவர் வேறு, மற்றவர்கள் வேறு" என்கிறது. ஒருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வேலியை மறுபடி அடைத்துவிடும் இத்தந்திரத்தை, கோர்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலாளர் 1954இலேயே விளக்கியிருக்கிறார்.

இது வெறும் மனக்குறை அன்று. கங்காணிமார் ஆள் சேர்க்க, துரைமாரின் தோட்டங்களுக்காக, அன்றைய அரசு அறியவே அழைத்து வரப்பட்டவர்கள் நம் முன்னோர். கள்ளத்தனமாக வந்தவர்களல்லர். ஆனால் அந்நியர் என்ற எண்ணம் 1948இல் சட்டமாகிப் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் என்று, ஆளைக் கேட்கும் முன்பே தொகை பேசி முடிக்கப்பட்டது. நாடற்றோர் என்ற நிலையைத் தீர்க்க 2003வரை சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று.

புண்பட்ட நாமோ குற்றமற்றவர்களா? அடுத்த கிராமத்துச் சிங்களவரைப் பற்றியும், யாழ்ப்பாணத்தவரைப் பற்றியும், நம் லயத்திலேயே வேறு சாதியாரைப் பற்றியும் "அவர்களே அப்படித்தான்" என்ற சொல் நம் வீட்டில் எழுவதில்லையா? பிள்ளைகள் அதைச் சோற்றோடு சேர்த்து உண்கிறார்கள்.

அருளப்பர் நற்செய்தியில் நத்தனியேல், நாசரேத்து என்ற பெயரைக் கேட்டதுமே, அங்கிருந்து நன்மை வருமா என்று ஐயுற்றார். பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் தம் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடாமல் எழுந்து சென்றார். நமக்கும் அதுவே வழி. முதல் எண்ணம் எழுவதைத் தடுக்க நம்மால் இயலாது. அதையே தீர்ப்பாக்காமல் இருக்க இயலும். ஒருவரின் பெயரைக் கேட்போம், கதையைக் கேட்போம். "இவர் விதிவிலக்கு" என்று நாவு சொல்ல வரும்போது, "ஒருவேளை என் விதிதான் பிழையோ?" என்று கேட்போம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. "அவர்களே அப்படித்தான்" என்று நம் வீட்டில் யாரைப் பற்றிச் சொல்கிறோம்?

2. அவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்?

3. இவ்வாரம் அவர்களுள் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்த முடியுமா?