கார் ஊரில் ரயில் ஏறு

சோமனூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. ஜெர்மனியில் படிக்க உனக்கு விசா வந்துவிட்டதென்று அக்கா போனில் சொன்னாள். ஸ்டுட்கார்ட்டில் இறங்கிய கையோடு பழைய கோல்ஃப் கார் ஒன்றை வாங்கிவிட நீ விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாய் என்பதையும் சொன்னாள். போனில் பேசினால் "சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டு விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முதல் வருஷம் கார் வாங்காதே கண்ணு. ரயிலிலும் டிராமிலும் பஸ்ஸிலும் போ. காரணம் தெரியாமல் நீ எதையும் செய்ய மாட்டாய், எனக்கு உன்னிடம் பிடித்ததும் அதுதான். ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

திருப்பூரில் நிட்டிங் பிட்டராகவே என் காலம் போனது. நம் பனியன் துணி ஓடும் மெஷின்களில் பல, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் ஆல்ப்ஸ்டாட்டில் பிறந்தவை. மேயர் மெஷினும் அந்த ஊர்தான், குரோஸ்-பெக்கர்ட் ஊசியும் அந்த ஊர்தான். பயிற்சிக்கென்று என்னை அங்கே அனுப்பினார்கள். ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறி, டூபிங்கனில் மாறி, ஹெக்கிங்கன் பக்கம் குன்றின் உச்சியில் ஹோஹென்சோலர்ன் கோட்டையைப் பார்த்துக்கொண்டே எபிங்கனில் இறங்கி, அங்கிருந்து டைல்ஃபிங்கனுக்குப் பஸ். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த பிட்டர் வீட்டில் இரண்டு கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதில் ஒன்றுக்கு அடியிலேயே படுத்திருப்பார். ஆனாலும் வேலைக்கு வருவது பஸ்ஸில். காரை நேசிப்பவன் எல்லா இடத்துக்கும் காரில்தான் போகவேண்டும் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் காசுக் கணக்கு. உங்கப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். 2022இல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறி நின்றதும், 2025இல் மறுபடி நின்றதும் நீ வீட்டில் இருந்து பார்த்தவைதான். அந்த வீட்டிலிருந்துதான் உன் பெயரில் ஜெர்மனியின் முடக்கக் கணக்கில் வருஷத்துக்கு 11,904 யூரோ கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ உன் கைக்கு வரும். வாடகையும் சாப்பாடும் மருத்துவக் காப்பீடும் அதற்குள்தான். உன் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பர்க், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறது. 3,000 யூரோவுக்கு ஒரு பழைய கார் என்றால் மூன்று மாதச் சோறு. புதிதாகக் காப்பீடு எடுப்பவனுக்கு அங்கே பிரீமியம் உச்சத்தில் நிற்கும். அதற்குமேல் வரி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் தகுதிச் சோதனை, குளிருக்குத் தனி டயர், வண்டி நிறுத்த வாடகை. இதெல்லாம் கொடுத்தும் அந்த வண்டி வாரத்தில் பெரும்பாலான நாள் தெருவோரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி. நம்மூர் உரிமம் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம் வரைதான் செல்லும். ஆர்.டி.ஓ.வில் பன்னாட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போ, அது தவறக்கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேறியே ஆகவேண்டும். இந்திய உரிமத்தை அப்படியே மாற்றிக் கொடுக்கமாட்டார்கள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம். பலகை இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி. ஹாரன் அடித்து வழி வாங்கிய கைக்கு இது பழக நாளாகும். சைக்கிள் ஓட்டினாலும் இதே விதிதான், முதல் நாளிலிருந்தே மனதில் வை.

"பஸ்ல போறதுக்கா ஜெர்மனி போறேன்?" என்று நீ அக்காவிடம் கேட்டாயாம். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது, ஆனால் கோபம் வரவில்லை. பஸ் என்றால் வேறு வழியில்லாதவர்களுக்கு என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். 2017 செப்டம்பர் 7 அன்று நம் சோமனூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் மேல் கூரை இடிந்து விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். வண்டி இருந்தவர்கள் யாரும் அங்கே நின்றிருக்க மாட்டார்கள். நம் பக்கம் கம்பெனி வேன்களில் எத்தனை பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள்? உலகத்துக்கே பனியன் அனுப்பும் ஊருக்கு, அதைத் தைக்கிறவர்களை ராத்திரி மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விடத் தெரியவில்லை. கோவை–ஈரோடு மெயின் லைனில் நமக்கென்று ஒரு ஸ்டேஷன் இருந்தும், பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் நம்மைத் தாண்டித்தான் ஓடுகின்றன. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒரு காரில் தப்பிக்க நினைத்தால் குற்றம் பிள்ளையுடையதல்ல.

ஆனால் இதே மண்ணில் வேறு மாதிரி யோசித்த ஒருவரும் இருந்தார். சூலூர் தாண்டினால் கலங்கல். ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்த ஊர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றவர் என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் அவரைப் போல மோட்டார் கிறுக்கு பிடித்தவர் இன்னொருவர் இல்லை. அந்தக் கிறுக்கோடு அவர் என்ன செய்தார்? 1920இல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். பஸ் கம்பெனியாக வளர்ந்தது. அவிநாசி ரோட்டில் அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொரு வண்டிக்கும் விளக்கம் சொன்னவன் நீதான். அந்தக் கார்களைவிட, ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஓடிய அந்த பஸ்தான் அவருடைய பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நீ போகும் ஊருக்கு வருகிறேன். மெர்சிடிஸும் போர்ஷேவும் பாஷும் வேர்விட்ட இடம் ஸ்டுட்கார்ட். கிண்ணம் போலப் பள்ளத்தில் உட்கார்ந்த நகரம் என்பதால் புகை வெளியேற வழியில்லாமல் தேங்கும். 2019 ஜனவரியில் அந்த ஊரிலேயே யூரோ 4 தரமும் அதற்குப் பழையதுமான டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது. டீசல் எஞ்சினால் வாழ்ந்த ஊர் அதை ஏற்க எவ்வளவு தவித்திருக்கும் என்று யோசித்துப் பார். நீ அந்த நேரம் விகடனில் கார் பக்கம் மட்டும் படித்துக்கொண்டிருந்த பையன். இப்போது அந்த ஊரில் இருந்துகொண்டு அதன் மறுபக்கத்தையும் படிக்கலாம்.

பள்ளத்திலிருந்து மேலே ஏற அவர்களிடம் இருக்கும் வண்டிகளை நீ பார்க்கவேண்டும். மரியன்பிளாட்ஸில் இருந்து டெகர்லோக்குக்கு ஒரு பல்சக்கர ரயில் போகிறது. 'சாக்கே' என்பார்கள். 1884இல் நீராவியில் தொடங்கியது, இன்றைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏறும் சாதாரண நகர வண்டி. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலைப் பார்த்து நீ என்ஜின் பக்கத்தை விட்டு நகரமாட்டாய் அல்லவா? கல்லாறுக்குமேல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏற்றம், அதாவது நூற்றுக்கு எட்டுச் சொச்சம். சாக்கே ஏறுவது நூற்றுக்கு 17க்கும் மேல். ஊட்டி ரயிலில் இரண்டு பல்வரிசைத் தகடுகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். சாக்கேயில் ஏணிப்படி போன்ற ஒற்றைப் பல்தடம். மலை ஏறும்போது சைக்கிள்களை வைக்க முன்னால் ஒரு திறந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். நகரின் மஞ்சள் நிற டிராம்களையும் கவனி. எல்லா அச்சும் மோட்டாரால் இயங்கும், நீ கொண்டாடும் ஆல் வீல் டிரைவ் மாதிரியேதான், ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேரைச் சுமந்துகொண்டு மேடு ஏறும். பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறதென்று காது கொடுத்துக் கேள். உன்னைத் தவிர அந்தப் பெட்டியில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

உன் வளாகம் ஃபைஹிங்கனில். வாசலிலேயே 'உனிவெர்சிடேட்' ஸ்டேஷன். அங்கே எஸ்1 ஏறினால் மாறாமல் நெக்கார்பார்க் ஸ்டேஷன் வரை போகலாம், மெர்சிடிஸ் அருங்காட்சியகம் பக்கத்தில்தான். வழியில் இறங்கி எஸ்6 பிடித்தால் சுஃபென்ஹவுசனில் போர்ஷே அருங்காட்சியகத்தின் வாசலில் இறங்கலாம். கான்ஸ்டாட்டில் டைம்லரும் மைபாகும் 1885இல் மோட்டார் வைத்த இருசக்கர வண்டியைச் செய்த தோட்டப் பட்டறை இன்னும் நிற்கிறது. உன் வளாகத்திலேயே காற்றுச் சுரங்கம் இருக்கிறது. காரின் பின்பக்கத்தைச் சட்டென்று வெட்டினாற்போல முடிக்கும் 'காம் டெயில்' உனக்குத் தெரியும். அந்தப் பெயருக்குரிய வூனிபால்ட் காம் 1930இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துடையது அந்தச் சுரங்கம். நீ செட்டிபாளையம் கரி டிராக்கில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி பார்க்க வெயிலில் நின்றாயே, நீ சேரப்போகும் பல்கலைக்கழக மாணவர்களின் கிரீன்டீம் 2022இல் தாங்களே செய்த மின்சாரக் காரை நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 1.461 வினாடியில் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் சூரிச் மாணவர்கள் அதை ஒரு வினாடிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். போன முதல் வாரமே அந்தப் பட்டறைக் கதவைத் தட்டு. கார் வாங்க வைத்திருந்த நேரத்தை அங்கே கொடு. போல்ட் முடுக்கவாவது சேர்த்துக்கொள்வார்கள்.

டிக்கெட் விஷயம். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய ஜெர்மனி டிக்கெட் 2025இல் 58 ஆனது. மாணவர்களுக்குக் குறைந்த விலையில் உண்டு, பல்கலைக்கழகத்தில் சேரும்போதே விசாரி. நாடு பூராவும் பஸ், டிராம், பாசஞ்சர் ரயில் எல்லாவற்றுக்கும் அது போதும். ஐ.சி.இ. போன்ற தொலைதூர வேக வண்டிகளில் மட்டும் செல்லாது. ஸ்டேஷனில் கதவு கிடையாது, யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், மானமும் போகும். ஜெர்மன் ரயில் நிமிஷம் தவறாது என்ற பேச்சை நம்பிப் பரீட்சைக்குக் கிளம்பாதே. அந்த ஊரின் பெரிய ஸ்டேஷனை 2010இலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று பாதை மூடுவார்கள். ஒரு வண்டி முன்னதாகவே கிளம்பு.

ஓட்டுகிற ஆசையை விடு என்று நான் சொல்லவில்லை. தேர்வு எழுதி உரிமம் வாங்கியபின், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வுக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏ81 நெடுஞ்சாலையில் நண்பர்களோடு போ. வேக வரம்பு இல்லாத பகுதியிலும் 130க்கு மேல் போகாமல் இரு, அது அக்காவுக்காக.

உன் மாருதி 800ஐப் பற்றிக் கவலை வேண்டாம். வாரம் ஒரு நாள் நான் ஸ்டார்ட் செய்து கருமத்தம்பட்டி வரை ஓட்டிவிட்டு வருகிறேன். கார்புரேட்டரில் கை வைக்கமாட்டேன். ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் கிளம்புவதற்கு முன் அக்காவிடம் கொடுத்துவிடு. சோக் எவ்வளவு இழுக்கவேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா