பிள்ளையைக் கேட்டு வரும் தாய்

ஒடிசா மாநிலத்தின் மேற்குப் பக்கம் பலாங்கீர் மாவட்டம் இருக்கிறது. மழையை நம்பிய மண். அறுவடை முடிந்துவிட்டால் ஊரில் வேலை இல்லை. அப்போது காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் கூட்டம் நெரியும். செங்கல் சூளைக்குப் போகும் கூட்டம் அது. தெலங்கானாவுக்குப் போவார்கள். ஆந்திராவுக்குப் போவார்கள். தமிழ்நாட்டுக்கும் வருவார்கள். முன்பணம் ஏற்கெனவே கைமாறி இருக்கும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் புறப்படுவார்கள். பானையும் பாயும் அரிசி மூட்டையும் கூடவே போகும்.

அப்படிப் போகும் குடும்பம் ஒன்று செகந்திராபாத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் 6 வயதுப் பையன் அம்மாவின் சேலை முந்தானையை விட்டுவிடுகிறான். தாய் திரும்பிப் பார்க்கிறாள். பையனைக் காணோம். கூட்டி வந்த ஆள் அவசரப்படுத்துகிறார். "வண்டி நிற்கிறது, முதலில் ஏறு. பிறகு தேடலாம்" என்கிறார். முன்பணம் வாங்கிய குடும்பம். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. அது தாயின் தப்பு அல்ல. பிள்ளையைத் தேட விடாமல் ஏற்றிக்கொண்டு போகிறாரே, அவருடைய தப்பு.

பையனை என்ன செய்வார்கள்?

தனியாக அழுதுகொண்டு நிற்கும் குழந்தையை ரயில்வே போலீசார் பார்க்கிறார்கள். அல்லது குழந்தைகள் உதவி மையத்தைச் சேர்ந்தவர்கள் பார்க்கிறார்கள். யார் பார்த்தாலும் தங்கள் இஷ்டத்துக்கு எங்கும் வைத்துக்கொள்ள முடியாது. வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

குழந்தைகள் நலக்குழு என்றால் என்ன? இந்தியாவில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்தில் 20 நாட்களாவது குழு கூட வேண்டும். ஒரு குழந்தை எங்கே தங்குவது, யாரிடம் வளர்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இது. பெரிய அதிகாரம்தான். அதனால்தான் ஏழைகள் அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள்.

பையன் பேசுவது சம்பல்புரி. கேட்பவர்களுக்குத் தெரிந்தது தெலுங்கு. அவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்கிறான். அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. அப்பா பெயரை "பாபா" என்கிறான். அவனைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கிறார்கள். படத்தோடு பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கலாம். ஆனால் சூளையில் பத்திரிகை ஏது? வந்தாலும் அது தெலுங்கில் இருக்கும். தாய்க்கோ எந்த மொழியிலும் படிக்க வராது.

நாட்கள் ஓடுகின்றன

குழு விசாரணை நடத்துகிறது. குழந்தையின் குடும்பம் எப்படிப்பட்டது என்று 15 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். இறுதி உத்தரவு 4 மாதங்களுக்குள் வர வேண்டும்.

யாரும் தேடி வராவிட்டால் என்ன நடக்கும்? பெற்றோரைக் கண்டுபிடிக்க முயற்சி எடுக்க வேண்டியது குழுவின் கடமை. எல்லா முயற்சியும் வீணானால், இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்க முடியும். 2 வயது வரை உள்ள குழந்தைக்கு இதற்கான காலம் 2 மாதம். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 4 மாதம். பிறகு வேறொரு குடும்பம் தத்து எடுக்கலாம். 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தத்து உத்தரவைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். உத்தரவு வந்துவிட்டால் சட்டப்படி குழந்தை அந்தக் குடும்பத்தின் பிள்ளை. பெற்றவள் அதன் பிறகு வந்து நின்றால் வழி மிகவும் குறுகிப் போயிருக்கும்.

சூளை வேலை ஆறு மாதம் நடக்கும். "வேலை முடியட்டும், ஊருக்குப் போகும்போது தேடிக்கொள்ளலாம்" என்று இருந்தால் இந்தக் கணக்கு அவர்களுக்காகக் காத்திருக்காது.

ஆகவே தாய் முதல் நாளே போலீஸ் நிலையம் போக வேண்டும். எந்த ஊர்ப் போலீஸ் நிலையமாக இருந்தாலும் சரி. "பிள்ளை எங்கேயாவது விளையாடிக்கொண்டிருப்பான், நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பக்கூடாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய சேவை இது. 2023 முதல் இது படிப்படியாக மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்தது.

"எங்களிடம் காகிதம் இல்லையே"

குழுவின் முன் போகிறவர்கள் முதலில் சொல்வது இதுதான். பிள்ளை நம்முடையது என்று காட்ட என்ன வேண்டும்? ரேஷன் கார்டு இருந்தால் கொண்டுபோகலாம். தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் எடை போட்ட அட்டை, பள்ளிக்கூடப் பதிவு, போனில் எடுத்த ஒரு படம், எதுவும் உதவும். எதுவுமே இல்லாவிட்டாலும் திரும்பிப் போகக் கூடாது. ஊரில் விசாரிக்கும்படி குழு கேட்க முடியும். பலாங்கீர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சேர்ந்தவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குழந்தையைச் சொந்த மாவட்டத்துக் குழுவிடம் அனுப்பிவைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அங்கே அவன் மொழி தெரிந்தவர்கள் இருப்பார்கள். பாதி சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

வீட்டுக்கு வருபவர் எதையெல்லாம் பார்ப்பார்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வருமானம், பிள்ளை பள்ளிக்குப் போனானா, அடி உதை உண்டா, குடி உண்டா என்று கேட்பார். குடிசையைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "இந்த ஓட்டைக் கூரையைப் பார்த்தால் பிள்ளையைத் தருவார்களா?" என்று நினைப்பாள்.

ஏழை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பிரித்து வைப்பது முறையல்ல. குழந்தையை விடுதியில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சட்டமே கொள்கையாக வைத்திருக்கிறது. வறுமை மட்டுமே காரணமாகக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் சபையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் இல்லங்களில் விடப்பட்ட பிள்ளைகள் ஏராளம். 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 8 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இல்லங்களில் உள்ள பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பப் பாருங்கள் என்பது கடிதத்தின் சாரம். நாட்டில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அந்த 8 மாநிலங்களில்தான் இருந்தார்கள். தமிழ்நாடும் அவற்றில் ஒன்று.

வெறுமனே அனுப்பிவைத்தால் போதுமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. இதற்காக மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. விதவைத் தாயின் பிள்ளை, புருஷன் கைவிட்ட தாயின் பிள்ளை, தாய் தகப்பன் இல்லாமல் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை, பெற்றோர் கடும் நோயில் படுத்துவிட்ட பிள்ளை போன்றவர்களுக்கு இது கிடைக்கும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தானாக வீடு தேடி வராது.

விரலில் மை தடவும் முன்

காணாமல் போகாத பிள்ளையும் கைவிட்டுப் போவது உண்டு. புருஷன் இறந்து போகிறான். கையில் கைக்குழந்தை. கடன் வேறு. யாரோ வந்து, "உன்னால் வளர்க்க முடியாது. நல்ல இடத்தில் கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். ஸ்டாம்புக் காகிதம் நீட்டுகிறார்கள். அவள் விரலைப் பிடித்து மையில் வைக்கிறார்கள்.

அந்தக் காகிதம் செல்லாது. ஸ்டாம்புக் காகிதத்தில் எழுதிப் பிள்ளையைக் கைமாற்ற முடியாது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

உண்மையாகவே வளர்க்க முடியாத தாய்க்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அவள் குழந்தையோடு நலக்குழுவின் முன் போக வேண்டும். குழு அவளோடு பேசும். மாற்று வழி உண்டா என்று பார்க்கும். அதற்குப் பிறகும் அவள் உறுதியாக இருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். கையெழுத்துப் போட்ட பிறகும் 2 மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் "என் பிள்ளையைத் தாருங்கள்" என்று போய்க் கேட்கலாம். பெற்றவள் மீது போலீஸ் வழக்கு வருமோ என்ற பயமும் வேண்டாம். விட்டுச் சென்ற அல்லது ஒப்படைத்த குழந்தை பற்றிய விசாரணையில் பெற்றோர் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

அந்த 2 மாதம் என்ற சொற்கள் எல்லாத் தாய்மார்களுக்கும் வாய் திறந்து சொல்லப்பட வேண்டும். எழுத்தில் இருந்தால் போதாது. படிக்கத் தெரிந்தவள் தேதியைத் தானே பார்த்துக்கொள்வாள். படிக்கத் தெரியாதவளுக்குக் கைநாட்டு வைத்த நாள் மறந்து போகும்.

வேறு வீட்டில் வளரும் பிள்ளை

சில நேரம் குழு பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பாது. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். தகப்பன் சிறையில் இருக்கலாம். அப்போது இல்லத்துக்குப் பதிலாக இன்னொரு குடும்பத்தில் கொஞ்ச காலம் விடலாம். இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். தத்து வேறு, இது வேறு. தத்துக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும். இதில் அறுவதில்லை. பெற்றோர் அவ்வப்போது போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். வேண்டாம் என்று குழு நினைத்தால் அதன் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியும் என்று தெரிந்ததும் பிள்ளை வீடு திரும்பலாம்.

வீடுதான் ஆபத்து என்ற நிலையில் உள்ள பிள்ளைகளும் உண்டு. சூடு போடும் தகப்பன், தவறாக நடக்கும் உறவினர், அதைத் தெரிந்தும் வாயை மூடிக்கொள்ளும் பெரியவர்கள். அந்தப் பிள்ளையைப் பிரித்து வைப்பதுதான் சரி. "என் பிள்ளை, என் இஷ்டம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் அவன் விருப்பத்தையும் குழு கேட்கும். வீட்டுக்குப் போக மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், பெற்றோர் கோபப்படும் முன் ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசிக்க வேண்டும்.

குழுவின் முடிவு தவறு என்று தோன்றினால்?

குழு சொன்னதே கடைசி வார்த்தை அல்ல. 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி உதவி பற்றிய முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். குழு சரியாக நடக்கவில்லை, இழுத்தடிக்கிறது என்ற குறை இருந்தாலும் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

வக்கீலுக்குப் பணம்? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 1987ஆம் ஆண்டின் சட்டம் தரும் உரிமை இது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒவ்வொரு முறை குழுவின் முன் போய் வரும்போதும் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒன்று, பிள்ளையின் பெயரில் உள்ள கோப்பின் எண். மற்றொன்று, அடுத்து வர வேண்டிய தேதி. உத்தரவு போட்டிருந்தால் அதன் நகலையும் கேட்க வேண்டும். வேறு மாநில மொழியில் இருந்தால் படித்து விளக்கச் சொல்ல வேண்டும். அதில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தேடுகிறவர்கள் வேறு ஊரில் போய்த் தேடுவார்கள்.