சொன்னவர் கண்டாரா?

அறிவு பெறும் வாயில்களை நியாய தரிசனம் நான்காகக் கூறுகிறது: பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம். இவற்றுள் சப்தம் என்பது ஆப்தரின் சொல். யார் ஆப்தர்? கௌதமரின் சூத்திரங்களுக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இதற்கு இரண்டு தகுதிகளைக் கூறுகிறார். அவர் பொருளை நேரே அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்தவாறே பிறர்க்கு எடுத்துரைக்க விரும்புபவராகவும் இருக்க வேண்டும். ரிஷி, ஆரியர், மிலேச்சர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் இந்த இலக்கணமே பொருந்தும் என்பது அவர் துணிவு. உறவையும் அன்பையும் அவர் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

கைப்பேசியில் வரும் செய்தியை நாம் நம்புவதோ பெரும்பாலும் அவ்விரண்டைக் கொண்டுதான். ‘அனுப்பியவர் என் மைத்துனர், பொய் சொல்ல மாட்டார்’ என்கிறோம். மெய்தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எதையும் காணவும் இல்லை, வந்ததை அனுப்பினார்.

காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பணிபுரியும் கராச்சி நகரத் தொண்டு நிறுவனம் ஒன்று 2016இல் ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். உடனே திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுகின்றனர். இந்தப் பிற்பகுதி வெட்டப்பட்ட படம் 2018இல் நம் நாட்டில் மெய்யான கடத்தலாகப் பரவியது. இதைப் போன்ற வதந்திகள் வேறு பலவும் உலவின.

அவ்வாண்டு ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்திலுள்ள ரைன்பாடா கிராமத்திற்கு, யாசித்து வாழும் நாடோடிச் சமூகத்தினர் ஐவர் சந்தை நாளில் வந்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஐயுற்ற கூட்டம் ஐவரையும் அடித்தே கொன்றது.

ஆகவே செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதைக் கண்டவர் யார் என்பதே. ஊர், நாள், எழுதியவர் பெயர் உள்ளனவா? வேறு நாளிதழ்கள் தம் செய்தியாளரை அனுப்பி எழுதியுள்ளனவா, அல்லது ஒன்றையே மற்றவையும் எடுத்துப் போட்டுள்ளனவா? பத்துத் தளங்களில் இருந்தாலும் மூலம் ஒன்றெனில் சாட்சியும் ஒன்றே. படமாயின், அதன் ஒரு காட்சியை இணையத்தின் படத் தேடலில் இட்டால், முன்பே வெளிவந்த படம் பலமுறை அகப்பட்டுவிடும். அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திகளுக்கு, பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் நடத்திவரும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு உண்டு. அரசே தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சி அது என்பதையும் நினைவிற்கொண்டு படித்தல் நலம்.

கோபமோ அச்சமோ உடனே பொங்கினால் கைப்பேசியைச் சற்றுக் கீழே வைக்கலாம். நமக்குப் பிடிக்காதவரைப் பழிக்கும் செய்தியில் நம் ஆராய்ச்சி எளிதில் உறங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி, குறைந்தது ஐந்து கைகளேனும் மாறி வந்தது. அனுப்பிய பெரியவரிடம், ‘சித்தப்பா, இதை முதலில் பார்த்தவர் யார்?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். ‘ஏதோ ஒரு குழுவில் வந்தது’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.