லினக்ஸ் கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புவது எப்படி?

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் கண்ட பிழையைத் திருத்திய ஒருவர் அதை எப்படிச் சேர்ப்பிக்க வேண்டும்?

பதில்: கெர்னலுக்கான திருத்தம் ‘பேட்ச்’ என்ற வடிவில் மின்னஞ்சலில் செல்கிறது. இணைப்புக் கோப்பாக அல்லாமல், அஞ்சலின் உள்ளேயே வெறும் எழுத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் சரிபார்ப்பவர் வரிவரியாகக் கருத்துச் சொல்ல முடியும். ஒரு பேட்சில் ஒரு மாற்றம் மட்டுமே இருக்கலாம். ‘செக்பேட்ச்’ என்ற கருவி நிரலின் நடையைச் சோதிக்கும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது கெர்னலோடு வரும் ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பில் உள்ளது.

நிரலைவிட அதனுடன் வரும் விளக்கமே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. என்ன மாற்றப்பட்டது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாற்றப்பட்டது, பிழையால் பயனருக்கு நேர்ந்த பாதிப்பு என்ன என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். விளக்கத்தின் கடைசியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி கட்டாயம். அந்த நிரலைத் திறமூல உரிமத்தில் தர அனுப்புபவருக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. லினக்ஸில் தன் நிரல் கலந்துள்ளதாக எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கின் பின்னணியில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2004-இல் இந்த வரியைக் கொண்டுவந்தார்.

முதல் முயற்சியிலேயே ஏற்கப்படும் பேட்சுகள் குறைவு. சொல்லப்பட்ட குறைகளைக் களைந்து ‘வி2’, ‘வி3’ எனத் திரும்ப அனுப்புவது இயல்பான நடைமுறை. பதிலே வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்து, பிறகு பணிவாக நினைவூட்டலாம்.