மணலுக்குள் ஆறு பேர்

கொளத்தூரில் வாங்கிவந்த இரண்டு கூலி லோச் மீன்களும் தொட்டியில் விட்ட அரை மணி நேரத்தில் கண்ணில் படாமல் போய்விட்டன. மறுநாளும் காணோம், மறுவாரமும் காணோம். செத்திருந்தால் மிதந்திருக்க வேண்டுமே என்று செடிகளை விலக்கினேன், கற்களைத் தூக்கினேன், கரண்டியால் அடி மணலைக்கூடக் கிளறிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் பில்டரைக் கழுவத் திறந்தால், உள்ளே ஒன்று உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் இடுக்கு வழியாகப் புகுந்து, பஞ்சில் தேங்கிய அழுக்கைத் தின்று பிழைத்திருக்கிறது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. அந்த மீன் எனக்கு இன்னும் உறுத்தல்தான். பயந்த உயிரை நான் தேடத் தேட, அதன் பயத்தைத்தான் வளர்த்திருக்கிறேன்.

பெயரைக் கேட்டுப் பலரும் நம் கூலி என்று நினைக்கிறார்கள். ஜாவாவில் உயிரினங்களைச் சேகரித்து, 1821-ல் அங்கேயே இறந்துபோன ஹைன்ரிச் கூல் என்ற ஜெர்மானிய இளைஞரின் நினைவாக வந்த பெயர் அது. தென்கிழக்காசியக் காட்டோடைகளிலும் சதுப்பு நிலங்களிலும் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழும் மீன் இது. நடமாட்டமெல்லாம் இரவில். அப்படிப்பட்டதை வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழே, இலை மூடாத தரையில் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

இரண்டாம் முறை, மீனுக்கு முன்னால் மணலை வாங்கினேன். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். லோச் வாயோரத்து மீசைகளால் தரையைத் துழாவித்தான் இரை தேடும், பயந்தால் மணலுக்குள் உடம்பையே செருகிக்கொள்ளும். கூர்மணலில் மீசை தேயும், தோல் கீறும். கொஞ்சம் மணலை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்குக் குத்தினால் அதற்கும் குத்தும். உருண்ட துகள் கொண்ட நைஸ் மணலாக வாங்கி, எட்டு வாளித் தண்ணீரில் அலசி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு பாதாம் மரம் இருக்கிறது. அதில் தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவி, இரண்டடித் தொட்டிக்கு மூன்று போட்டேன். பச்சை இலை கூடாது. கொசு மருந்து அடித்த சமயத்தில் விழுந்ததும் கூடாது. நான்கு நாளில் தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தது, வெளிச்சமும் மங்கியது. வேகவைத்த கொட்டாங்குச்சிகள் நான்கைக் கவிழ்த்து வைத்தேன். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராது என்று சிலர் சொல்வார்கள். நான் கண்டது நேர்மாறு. ஓடி ஒளிய பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது தைரியமாக வெளியே வருகிறது. பில்டர் வாய்க்கு ஸ்பாஞ்சு மாட்டி, மூடியின் இடுக்குகளையும் அடைத்தேன். லோச் எம்பிக் குதித்துவிடும்.

அதன் பிறகுதான் கடைக்குப் போய் ஐந்து மீன்கள் வாங்கினேன், பில்டரில் கிடைத்ததோடு ஆறு. இரண்டு என்பது இந்த மீனுக்குத் தனிமைதான். மாலையில் விளக்கை அணைத்துவிட்டுப் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை மட்டும் பொடிக்கண் வலையில் எடுத்து விட்டேன். பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. இரண்டு நாள் விளக்கே போடவில்லை. இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் ஆனதும் மூழ்கும் தீனி நாலைந்து உருண்டை. காலையில் மிச்சத்தை எடுத்துவிடுவேன். தொட்டிக்குள் கை விடுவது அதற்கு மட்டும்தான்.

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. லோச்சுக்குச் செதில் மிகப் பொடி, அதனால் மருந்து சீக்கிரம் தாக்கும். வெண்புள்ளி நோய் வந்தால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மே மாத வெயிலில் மீன்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம். உடனே ஏர் பம்ப்பைக் கூட்டி, மூடிக்குப் பதில் வலையைப் போட்டு, மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வையுங்கள்.

மூன்றாவது வாரம் தேனியிலிருந்து அம்மா வந்திருந்தார். தூக்கம் வராமல் ஹாலில் உட்கார்ந்திருந்தவர், பதினோரு மணிக்கு மெதுவாக என்னைக் கூப்பிட்டார். "இங்க வாடா, சத்தம் போடாம வா. இது நம்ம அயிரைல்ல?"

அயிரையும் இதுவும் ஒரே குடும்பம்தான். கண்ணாடியை ஒட்டி ஒன்று ஒரு வாய் மணலை அள்ளியது. கன்னம் அசைந்தது, இரண்டு செவுள் வழியாகவும் மணல் சன்னமாகக் கொட்டியது. நகர்ந்து போய் மறுபடி அள்ளியது.

"குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் பால்ல விட்டு மண்ணைக் கக்க வைப்போம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கொட்டாங்குச்சிக்குள் பின்னிக் கிடந்த இரண்டையும் சேர்த்து, ஆறு.