இலைக்காம்பு ரோமத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி: குன்னூரில் வீட்டு மாடித் தொட்டிகளில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறேன். ஒரு புதிய ரகத்தின் பதிவுக் குறிப்பு அண்மையில் கைக்குக் கிடைத்தது. இலைக்காம்பிலுள்ள ரோமம் மேல்நோக்கிப் படிந்திருக்கிறதா, வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதா, பூவிதழ்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பழம் இனிக்குமா என்பதற்கு ஓரிரு வரிதான். தின்னப்போகிற பழத்துக்கு ரோமக் கணக்கு எதற்கு? பழத்து விதையை முளைக்கவைத்து நானே ஒரு ரகம் உண்டாக்கினால் அதற்கும் இப்படியெல்லாம் எழுத வேண்டுமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: ரோமத்தைக் கண்டு சலித்துக்கொண்டீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் அந்தக் குறிப்பை முழுதும் படித்திருக்கிறீர்கள். தோட்டக்கலை படித்தவர்களில்கூட அதைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு.

ஒரு ரகம் பதிவாகிவிட்டது என்றால் அது நல்ல ரகம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பதிவுக் குறிப்பு தரச் சான்றிதழ் அன்று, அடையாளச் சீட்டு. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளம்’ என்று ஒரு வரி வரும்: இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், வலது முழங்கையில் ஒரு தழும்பு. பையன் கெட்டிக்காரனா, குறும்புக்காரனா என்று அந்த வரியில் யாரும் எழுதுவதில்லை. நாளைக்கு வேறொருவன் வந்து ‘அவன்தான் நான்’ என்று சொன்னால் பிடித்துக்கொள்ள மச்சம்தான் உதவும். இலைக்காம்பு ரோமமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, அடையாளத்துக்கு ஏன் இத்தனை கவலை? அதற்கு ஸ்ட்ராபெரி ரகம் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று நாம் தின்னும் பெரிய ஸ்ட்ராபெரி காட்டிலிருந்து வந்ததன்று. இரண்டு அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இரு இனங்கள் ஐரோப்பியத் தோட்டத்தில் சந்தித்ததால் வந்தது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அமெதே பிரான்சுவா ஃப்ரேசியே, தென் அமெரிக்காவில் ஸ்பானியர்களின் துறைமுகக் கோட்டைகளை வேவு பார்க்கப் போனவர். 1714இல் திரும்பும்போது, சிலியில் பயிரிட்டுவந்த பெரும்பழ ஸ்ட்ராபெரிச் செடிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார். மாதக்கணக்கான பயணம், குடிதண்ணீருக்கே அளவு. ஐந்து செடிகள்தான் உயிரோடு கரை சேர்ந்தன. அவற்றிலும் இரண்டைக் கப்பலின் தண்ணீர்ப் பொறுப்பாளருக்குக் கொடுத்துவிட்டார். அவர் தண்ணீர் விட்டிருக்காவிட்டால் ஐந்தும் கருகியிருக்கும் என்பதால் அந்தப் பங்கு நியாயமானதுதான்.

வந்த செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. சிலி இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெரிய பழம் கண்டு பொறுக்கியெடுத்ததால் கொண்டுவந்தவை யாவும் பெண் செடிகளாகிவிட்டன. பிறகு பிரான்சின் பிரித்தானி பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து முன்பே வந்திருந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெரியின் பக்கத்தில் இவற்றை நட்டபோது மகரந்தம் கிடைத்தது, பழமும் வந்தது. அந்தப் பழங்களின் விதையிலிருந்து எழுந்த கலப்பினம்தான் இன்றைய ஸ்ட்ராபெரி. இது இரு இனங்களின் கலப்பு என்பதை 1766இல் நூலாக எழுதி விளக்கிய அந்துவான் நிக்கோலா துஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை.

இந்தக் கலப்பினத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் 56 குரோமோசோம்கள் உண்டு. பண்புகளைச் சுமந்து செல்லும் இந்த இழைகள் ஏழேழாக எட்டுத் தொகுதிகள். நமக்கு இரண்டே தொகுதிகள்தான்: ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. எட்டுத் தொகுதியும், அவற்றில் ஒன்றுக்கொன்று வேறான பண்புகளும் கலந்து கிடப்பதால், ஒரே பழத்தின் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று முளைப்பதில்லை. பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, தாவரவியல் கணக்கில் அவை ஒவ்வொன்றும்தான் கனி. விதை அதற்குள் இருக்கிறது. நாம் விரும்பித் தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடித்தளம் பருத்தது. அது முழுக்கத் தாய்ச்செடியின் உடல். அதனால் ‘இனிப்பு ரகத்தின் மகரந்தத்தைத் தடவினேன், பழம் இனிக்கவில்லையே’ என்று யாராவது குறைபட்டால் குறை மகரந்தத்தில் இல்லை. கலப்பின் பலன் அந்தப் பழத்தில் தெரியாது. அதன் விதையை விதைத்து, அது செடியாகிக் காய்க்கும்போதுதான் தெரியும்.

கலப்புச் செய்வது கஷ்டமான வேலை அன்று. நாளை மலரப்போகிற மொட்டாகப் பார்த்து, இதழ்களையும் மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் சுற்றிக் கிள்ளி எடுப்பார்கள். நடுவில் மஞ்சளாய்ச் சிறு குவியல்போல் சூல்முடிகள் மட்டும் மிஞ்சும். முந்தின நாளே தந்தைச் செடியில் எடுத்து உலர்த்திய மகரந்தத்தைத் தூரிகையால் அதன்மேல் தடவி, தேனீ வராமல் உறை போட்டுவிடுவார்கள். ஒரு மாதத்தில் பழம் கனியும். விதையைப் பிரித்தெடுத்து விதைத்தால் ஆயிரக்கணக்கில் நாற்று. வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் கேட்ட இனிப்புக்கு இங்கேதான் இடம். காய்ப்புக் காலத்தில் ஆய்வாளர் வரிசை வரிசையாக நடந்து, பறித்துக் கடித்துத் துப்பியபடியே செடிகளைக் கழிப்பார். புளித்தால் கழிவு. இனித்தும் விரல் பட்டதும் நசுங்கினால் கழிவு. இனித்து, உறுதியாகவும் இருந்து, வேரழுகல் வந்தால் அதுவும் கழிவு. பிழைத்த செடிகளை ‘ஓடுதண்டு’ வழியாகப் பெருக்குவார்கள். தாய்ச்செடியிலிருந்து தரைமேல் ஓடி, நுனியில் வேர்விட்டுக் குட்டிச் செடியாகும் கொடியே ஓடுதண்டு. அந்தக் குட்டிகளை வேறு வேறு ஊர்களில் நட்டு மறுபடியும் கழிப்பார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ‘அல்பியன்’ ரகத்தைப் பாருங்கள். ‘டயமான்டே’ என்ற ரகத்தைத் தாயாகவும், பெயர் வைக்காத எண் இட்ட ஒரு செடியைத் தந்தையாகவும் கொண்டு 1997இல் கலப்பு நடந்தது. மறு ஆண்டே அந்த நாற்று கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் விவசாயிகள் கைக்கு வந்தது 2004இல். அமெரிக்கத் தாவரக் காப்புரிமை 2006இல். நடுவில் போன ஆண்டுகள் எல்லாம் சோதனைக்கும் கழிப்புக்கும்.

வருடம் முழுக்கப் பூக்கும் ரகங்களுக்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. பழைய ரகங்கள் பகல் குறுகினால்தான் பூ வைக்கும். பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பூக்கிற காட்டுச் செடியை 1950களில் அமெரிக்காவின் யூட்டா மலைகளில் ஸ்ட்ராபெரி ஆய்வாளர் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் எடுத்துவந்தார். பழம் தம்மாத்துண்டு. அதைப் பெரும்பழ ரகத்தோடு கலந்து, பிறந்த குட்டியை மீண்டும் பெரும்பழ ரகங்களோடு கலந்து, திரும்பத் திரும்ப இதையே செய்தார்கள். இதைப் பின்கலப்பு என்பார்கள்: வேண்டிய ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழுவிக் கழுவி வெளியேற்றும் முறை. முதல் ரகங்கள் 1979இல் வெளிவந்தன. உங்கள் தொட்டியில் இருப்பது கோடையிலும் பூக்கிற ரகமானால் அந்த யூட்டாச் செடி அதற்கு ஏதோ ஒரு தலைமுறைப் பாட்டனாக இருக்கலாம்.

இப்போது ரோமத்துக்கு வருவோம். இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பின் கையில் நிற்பது ஒரே ஒரு நாற்று. உலகத்தில் உள்ள அல்பியன் செடிகள் எல்லாம் அந்த ஒற்றைச் செடி ஓடுதண்டு வழியாக நீண்டதுதான். ஒரு குட்டியை வேலிக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போனால் ரகம் முழுவதுமே போய்விடும். அதனால் ‘இது அந்தச் செடிதான்’ என்று நிரூபிக்க வழி வேண்டும். வழி, இடமும் காலமும் மாறினாலும் மாறாத அடையாளங்களில் இருக்கிறது.

இனிப்பு அப்படி நிலையானதா? உங்கள் தொட்டியையே கவனியுங்கள். குளிர்ந்த இரவும் நல்ல வெயிலும் இருக்கும் வாரத்தில் பழம் மெல்லக் கனிந்து சர்க்கரை சேரும். மேகமூட்டமும் மழையுமாக ஒரு வாரம் போனால் அதே செடியின் பழம் சப்பென்று இருக்கும். ஒரு நாள் முன்னால் பறித்தாலும் வித்தியாசம் தெரியும். ஸ்ட்ராபெரி பறித்தபின் நிறம் ஏறுமே தவிர, வாழையைப்போல் இனிப்பு ஏறாது. வாரத்துக்கு வாரம் மாறுகிற குணத்தை வைத்து எந்த நீதிமன்றத்திலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் இலைக்காம்பு ரோமம் படிந்திருப்பதும் விறைத்திருப்பதும் குன்னூரிலும் கலிபோர்னியாவிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இதழ்கள் விலகியா, தொட்டா, ஒன்றன்மேல் ஒன்றாகவா. பழத்தின் மேல் விதைகள் குழிக்குள்ளா, மட்டமாகவா, துருத்திக்கொண்டா. காம்படியில் விதையில்லாத வளையம் எவ்வளவு அகலம். பூங்கொத்து இலைக்கு மேலா, கீழா. தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் நாற்பது அற்பங்களும் ஒருசேரப் பொருந்தும் வேறொரு ரகம் கிடைப்பது அரிது.

பதிவுக்கு மூன்று சோதனைகள் உண்டு. தெரிந்த ரகங்களிலிருந்து ஏதோ ஒரு தெளிவான அடையாளத்தில் வேறுபட வேண்டும்: தனித்தன்மை. நட்ட செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: சீர்மை. பெருக்கிக்கொண்டே போனாலும் மாறாமல் இருக்க வேண்டும்: நிலைப்புத்தன்மை. 1961இல் பாரிஸில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ் பல நாடுகள் இவற்றைப் பின்பற்றுகின்றன. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை; ஆனால் நம் 2001ஆம் ஆண்டுத் தாவர ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் இதே மூன்றையும்தான் கேட்கிறது.

மூன்றாவது சோதனை சும்மா வைத்ததல்ல. ஸ்காட்லாந்தில் உருவான ‘ஆக்கின்க்ரூவ் கிளைமாக்ஸ்’ ஒரு காலத்தில் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த ரகம். 1950களில் அதன் இலைகளில் மஞ்சள் திட்டுகள் தோன்றிச் செடிகள் நலியத் தொடங்கின. ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. ரகத்துக்குள்ளேயே இருந்த பிறவிக் கோளாறு. எங்கே நட்டாலும் ஒரே செடிதானே, எல்லா இடத்திலும் கோளாறு தலைகாட்டியது. ரகமே ஒழிந்துபோனது.

‘மரபணுச் சோதனை இருக்கும்போது ரோமம் எதற்கு?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். வழக்கு வந்தால் மரபணுவையும் பார்க்கிறார்கள். ஆனால் பதிவு அலுவலர் கையில் அளவுகோலும் நிற அட்டையுமாக வயலில் நின்று பார்த்துச் சொல்லக்கூடியதே இன்னும் அடிப்படைச் சான்று. என்னைக் கேட்டால் அதில் தவறில்லை. ஆய்வகம் இல்லாத விவசாயியும் தன் செடியைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதே.

இந்த அடையாளச் சீட்டால் ஒரு நாடே பயனடைந்த கதையும் உண்டு. கொரியாவின் ஸ்ட்ராபெரி வயல்களில் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஜப்பானிய ரகங்கள்தாம். உரிமைத்தொகை கொடுக்க வேண்டிய நிலை வந்தது. நொன்சான் ஆராய்ச்சி நிலையத்தில் ‘அகிஹிமே’, ‘ரெட் பேர்ல்’ என்ற இரு ஜப்பானிய ரகங்களைக் கலந்து 2005இல் ‘சொல்ஹ்யாங்’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அடுத்தவர் ரகத்தைப் பெருக்கி விற்பதுதான் குற்றம். அதைப் பெற்றோராக வைத்துப் புதியதை உண்டாக்க அந்தச் சர்வதேச ஒப்பந்தம் இடம் தருகிறது. பிள்ளை பெற்றோரிலிருந்து வேறு என்று எழுத்தில் காட்டினால் போதும். பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சொந்த ரகங்களின் பங்கு இன்று அங்கே தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

உங்கள் விதை விஷயம். தாராளமாகச் செய்யுங்கள். புதிய ரகம் உண்டாக்கப் பிறர் ரகத்தைப் பயன்படுத்த நம் சட்டமும் அனுமதிக்கிறது. நன்கு கனிந்த பழத்தின் மேல்தோலை மெல்லச் சீவி உலர்த்தி விதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தாளில் மடித்து நான்கு வாரம் குளிர்பெட்டியில் வைத்தபின் விதையுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், அதற்கு வெளிச்சம் பட வேண்டும். முளைத்தவற்றில் பெரும்பாலானவை தாயைவிட மோசமாகத்தான் இருக்கும், மனம் விட்டுவிடாதீர்கள். ஒன்று பிடித்துப்போனால் அந்தச் செடியின் பூக்களைக் கிள்ளிவிட்டு ஓடுதண்டுகளை வேர்விடச் செய்யுங்கள். இருபது குட்டிகள் சேர்ந்ததும், தாய் ரகத்தை அருகிலேயே நட்டு இரண்டு பருவம் பாருங்கள். ஒரே பருவத்தில் பார்ப்பது போதாது. பதிவு எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அரசு அறிவித்திருக்கும் பயிர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள பயிருக்குத்தான் பதிவு. ரோமத்தைப் பார்க்கப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடி போதும். முதிர்ந்த இலையின் காம்பில், நடுப்பகுதியில் பாருங்கள். இளந்தளிரில் எல்லா ரகமும் ஒரே மாதிரிதான் தெரியும்.